பிளாக்பர்ன் பெயரில் பவுடர் விற்காதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் நடந்த இளமைப் பவுடர் விற்பனைக் கூட்டத்து வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். விஞ்ஞானி எலிசபெத் பிளாக்பர்ன் படத்தைத் திரையில் போட்டு, "இவர் கண்டுபிடித்த இளமை மருந்துக்குத்தான் நோபல்" என்றார் பேசியவர். அதற்கு அப்படி ஒரு கைதட்டல். ரெண்டு நாளாக எனக்கு மனசே ஆறவில்லை.

அவர் இளமை மருந்து எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பிறந்து, கேம்பிரிட்ஜில் சாங்கர் என்ற விஞ்ஞானியிடம் டிஎன்ஏ வரிசையைப் படிக்கக் கற்றவர். 1975இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் போய், குளத்து நீரில் வாழும் டெட்ராஹைமெனா என்ற ஒருசெல் உயிரியைக் கையில் எடுத்தார். செல்லுக்குள் டிஎன்ஏவைச் சுமக்கும் குரோமோசோமின் நுனியில் என்ன இருக்கிறது? அவ்வளவுதான் கேள்வி. டிஎன்ஏவின் ஒரே ஆறெழுத்துத் துணுக்கு அங்கே திரும்பத் திரும்ப வந்தது. அந்த நுனிக்குப் பெயர் டெலோமியர். செல் பிரியப் பிரியத் தேய்கிற அதை நீட்டித்தருவது டெலோமரேஸ் என்சைம். அதன் தடயத்தை அவருடைய மாணவி கரோல் கிரெய்டர் முதலில் பார்த்தது 1984 கிறிஸ்துமஸ் அன்று. பண்டிகை நாளிலும் லேபில் இருந்திருக்கிறார் அந்தப் பெண்! நோபல் 2009இல் வந்தது, ஜாக் ஷோஸ்டாக் என்ற விஞ்ஞானியையும் சேர்த்து மூவருக்கு.

திரும்பச் சொல்கிறேன், மருந்து இல்லை. பெரும்பாலான புற்றுநோய் செல்கள் ஓயாமல் பெருகுவதே இந்த டெலோமரேஸின் துணையோடுதான். ஒரு பவுடர் நிஜமாகவே அதைத் தூண்டிவிடும் என்றால் பயப்பட வேண்டாமா?

"அவரே டெலோமியர் அளக்கும் கம்பெனி ஆரம்பித்தாரே" என்பீர்கள். ஆரம்பித்தார். எனக்கும் அதில் சங்கடம் உண்டு. ஆனால் அளப்பது வேறு, டப்பாவில் அடைத்து விற்பது வேறு. "நம்பிச் சாப்பிடுகிறார்கள், உனக்கென்ன?" என்கிறீர்களா?

அப்பா படுக்கையில் கிடந்த ஒன்பது வருஷமும் அம்மாதான் பார்த்தார். போன மாதம் ஒருவர் வீட்டுக்கே வந்து, "நோயாளியைப் பார்த்ததில் உங்க செல்லெல்லாம் கிழடாகிப் போச்சும்மா" என்று சொல்லி 4,500 ரூபாய்க்கு ஒரு டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அதற்கும் பிளாக்பர்ன் ஆய்வுதான் சாட்சி.

2004இல் வந்த அந்த ஆய்வை அவரும் உளவியல் ஆய்வாளர் எலிசா எபெலும் சேர்ந்து செய்தார்கள். 58 தாய்மார்கள், அவர்களில் பலர் தீராத நோயுள்ள பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர்கள். பார்த்துக்கொண்ட வருஷங்கள் கூடக் கூட டெலோமியர் குட்டையாக இருந்தது. யாரும் கணக்கில் எடுக்காத பாரத்தை அளந்து காட்டிய வேலை அது. பவுடர் எங்கே வருகிறது அதில்?

அம்மா டப்பாவைத் திறக்கவில்லை. ஆனால் நேற்று ராத்திரி, "அப்பாவைப் பார்த்துக்கிட்டதாலயாடா எனக்கு இப்படி வயசாயிடுச்சு?" என்று கேட்டார். அந்தத் தாய்மார்களுக்குப் பாரத்தைக் கைமாற்றிக்கொள்ள ஒரு ஆள் தேவைப்பட்டது என்றுதான் நான் அந்த ஆய்வைப் படிக்கிறேன். அந்த ஒன்பது வருஷமும் நானும் அக்காவும் வெளியூரில்தான் இருந்தோம்.