வெங்காயத்தாளும் ஒரு வசைச்சொல்லும்

ஹாங்காங் ஷாம் ஷுய் போ சந்தையில் ஒரு காய்கறிக்காரம்மா. கடை முன்னால் போய் நின்றதும் பக்கத்துக் கடைக்காரரிடம், "ஆ-ச்சா வந்திருக்கு" என்றார், சிரித்தபடியே. எனக்குக் காண்டனீஸ் புரியாது என்ற தைரியம். "கேய் தோ சின்?" என்று விலை கேட்டேன். அவருக்கு முகம் சுண்டிப்போனது. கீரையோடு ஒரு கைப்பிடி வெங்காயத்தாளையும் சும்மா வைத்துக் கட்டிக் கொடுத்தார்.

நல்ல மனுஷிதான். சொல்தான் நாற்றமடிக்கிறது. ஆ-ச்சா என்பது அங்கே இந்தியர், பாகிஸ்தானியர் போன்ற தெற்காசியர்களை இளக்காரமாகச் சொல்லும் பெயர். இந்தியர்கள் வாய்க்கு வாய் 'அச்சா' என்றதால் வந்த பெயர் என்பார்கள். பிரிட்டிஷார் கொண்டுவந்த சீக்கியப் போலீஸ்காரர்களோடு முடிச்சுப் போடும் கதையும் உண்டு. எது சரியோ, அங்கேயே பிறந்து அங்கேயே படித்த பாகிஸ்தானிப் பையனுக்கும் இன்று அதே பெயர்தான்.

"வெள்ளைக்காரனை க்வைலோ என்கிறோமே, பேய்ப்பயல் என்று அர்த்தம், அவன் கோபப்படுகிறானா?" என்று அலுவலக நண்பர் மடக்கினார். வாஸ்தவம். அந்தப் பெயரில் பீரே விற்கிறது. அந்தச் சொல் எல்லா இடத்திலும் இழிவாகத்தான் இருக்கும் என்று கொள்ள முடியாது என 2022-இல் ஒரு வழக்கில் நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆனால் க்வைலோ, ஆள வந்தவன் முதுகுக்குப் பின்னால் முணுமுணுத்த சொல். ஆ-ச்சா, தோலைப் பார்த்ததுமே வாடகைக்கு வீடு இல்லை என்று திருப்பி அனுப்பப்படுபவனைப் பார்த்துச் சொல்வது. இரண்டையும் ஒரே தராசில் வைத்தால் எப்படி? இனப் பாகுபாட்டுக்கு எதிரான சட்டம் 2009-லேயே நடைமுறைக்கு வந்தும், வாய்ப்பழக்கம் போகவில்லை.

சரி, என் வண்டவாளத்தையும் சொல்லிவிடுகிறேன். போன புதிதில், கூட வேலை பார்த்தவர்களைப் பார்த்து நானும் பிலிப்பைன்ஸ் பணிப்பெண்களை 'பன் முய்' என்றிருக்கிறேன். முய் என்றால் தங்கச்சிதானே, இதில் என்ன இருக்கிறது என்ற நினைப்பு. ஒருநாள் லிஃப்டில், மாடி வீட்டில் வேலை செய்யும் ஐம்பது வயது அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சீனக் குழந்தை 'ஜே-ஜே, ஜே-ஜே' என்று ஏதோ கதை சொல்லிக்கொண்டு வந்தது. ஜே-ஜே என்றால் அக்கா. அந்தக் குழந்தைக்குத் தெரிந்த மரியாதை எனக்குத் தெரியவில்லை. அதற்கப்புறம் அந்தச் சொல் என் வாயில் வரவில்லை.

காய்கறிக்காரம்மாவிடம் அடுத்த வாரம், "நான் யன்-தோ யன், இந்தியன், ஆ-ச்சா வேண்டாமே" என்றேன். தலையாட்டினார். இப்போது சந்தைக்கு வரும் எல்லா ஆண்களையும் கூப்பிடுகிற மாதிரியே என்னையும் 'லெங் ஜை' என்கிறார். அழகுப் பையனாம். வயது நாற்பத்தாறு, தலையில் பாதி வழுக்கை.