தூங்கினது ஐந்து பேர் அல்ல, பத்துப் பேரும்தான்

நம் வேதவாசிப்புக் குழுவை நடத்துகிறவர்களே, நீங்கள் குழுவில் போட்ட அந்தப் பட்டியல் விஷயம்தான். குழுவில் இருக்கிற எல்லாரும் பார்த்தார்கள், திரும்ப விவரிக்க எனக்கு மனசில்லை. காலை ஐந்து மணிக்குள் "ஜெபித்தேன், வாசித்தேன்" என்று போடாதவர்களின் பேரை வரிசையாக எழுதி, மேலே "தூங்குகிற கன்னிகைகள்" என்று தலைப்பும் வைத்தீர்களே, மத்தேயு 25-ஐ ஒருமுறை திறந்து பார்த்தீர்களா? மணவாளனை எதிர்கொள்ள விளக்குகளோடு போன பத்துக் கன்னிகைகளின் உவமை அது. புத்தியுள்ள ஐந்து பேர் கூடவே எண்ணெயும் கொண்டுபோனார்கள், மற்ற ஐந்து பேர் கொண்டுபோகவில்லை. "அவர்களெல்லாரும் நித்திரைமயக்கமடைந்து தூங்கிவிட்டார்கள்" என்கிறது ஐந்தாம் வசனம். புத்தியுள்ள ஐந்து பேரும் சேர்த்துத்தான் தூங்கினார்கள். வித்தியாசம் எண்ணெயில் இருந்தது, தூக்கத்தில் இல்லை. வேதம் வாசிக்கவில்லை என்று பிறரைக் குற்றப்படுத்தின அதே பதிவில் வேதத்தையே சரியாக வாசிக்காமல் விட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நான் அதிகாலை ஜெபத்துக்கு விரோதி இல்லை. விடியுமுன் அப்பா வாய்விட்டு வேதம் வாசிக்கிற சத்தத்தில் கண்விழித்து வளர்ந்த பிள்ளை நான். "கர்த்தாவே, காலையிலே என் சத்தத்தைக் கேட்டருளுவீர்" என்கிற ஐந்தாம் சங்கீதம் இன்றைக்கும் எனக்கு அப்பாவின் குரலில்தான் கேட்கிறது. இவ்வளவு அருமையான ஒன்றை வருகைப் பதிவேடாக மாற்றிவிட்டீர்களே என்றுதான் வயிறு எரிகிறது.

"இயேசுவே இருட்டோடே எழுந்து ஜெபித்தாரே" என்பீர்கள். மாற்கு 1:35, தெரியும். அதற்கு அடுத்த வசனத்தையும் வாசியுங்கள். சீமோனும் கூட இருந்தவர்களும் அவரைத் தேடிக்கொண்டு போகவேண்டியிருந்தது. எழுந்ததை யாருக்கும் அறிவித்துவிட்டு அவர் போகவில்லை. அறைவீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டி ஜெபிக்கச் சொன்னவரும் அவர்தானே.

"அப்படியென்றால் ஒழுங்கே வேண்டாமா?" வேண்டும். வேதாகமத்தின் 1189 அதிகாரங்களை ஒரு வருஷத்தில் முடிக்க, நாளுக்கு மூன்று நான்காவது வாசிக்கவேண்டும். அட்டவணை இல்லாமல் முடியாது. ஆனால் நாம் பின்பற்றுகிற அட்டவணையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் போதகராயிருந்த ராபர்ட் மர்ரே மெக்ஷெயின் 1842-இல் தன் சபைக்காகப் போட்டது அது. நன்மைகளைச் சொல்லுமுன் அவர் ஆபத்துகளைத்தான் எழுதினார். வெறும் சடங்காகிப் போவது, சுயநீதி, கவனமில்லாத வாசிப்பு, சிலருக்குத் தாங்கமுடியாத நுகமாகிவிடுவது. அவர் பயந்த அத்தனையும் அந்த ஒரே பட்டியலில் இருக்கிறது.

"இதைக் குழுவுக்குள்ளேயே பேசியிருக்கலாமே" என்று கேட்கப் போகிறீர்கள். பேசினேன். அழித்துவிட்டீர்கள்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். அப்பா போன பிறகு பல வாரம் என் வேதாகமத்தின் சிவப்பு நாடா 88-ஆம் சங்கீதத்தை விட்டு நகரவில்லை. காலையில் திறப்பேன். "காலையிலே என் விண்ணப்பம் உமக்கு முன்பாக வரும்" என்கிற வரி வரைக்கும் வருவேன், அதற்குமேல் எழுத்து மங்கிவிடும். அந்தச் சங்கீதம் கடைசி வரை இருட்டாகவே முடிகிறது, அது ஒன்றுதான் அப்போது எனக்கு ஆறுதல். "தியானம் எப்படிப் போகிறது?" என்று சபையில் கேட்டவர்களிடம் "நல்லாப் போகுது பிரதர்" என்று பொய் சொன்னேன். உண்மையைச் சொல்லியிருந்தால் என் பேரும் இப்படி ஒரு பட்டியலில் ஏறியிருக்கும். எத்தனை அதிகாரம் என்று கேட்டவர்கள் உண்டு. எப்படி இருக்கிறாய் என்று கேட்டவர் ஒருவரும் இல்லை. இப்போதும் அதேதான் நடந்திருக்கிறது. பட்டியலில் பேர் ஏறின ஓர் அக்கா ஒன்பது நாளாகக் குழுவில் எதுவும் போடவில்லை. ஒன்பது நாள் ஒருவர் காணாமல் போனால் முதலில் செய்யவேண்டியது ஒரு போன் இல்லையா?

நான் போன் செய்தேன். அந்த அக்காவின் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். அவருடைய அம்மா படுத்த படுக்கை. முதுகில் புண் வராமலிருக்க ராத்திரி முழுக்க இரண்டு மணிக்கொரு தரம் எழுந்து புரட்டிப் படுக்கவைக்கவேண்டும். ஒரு கை தோளுக்கு அடியில், ஒரு கை இடுப்பில். புரட்டும்போது வலி தெரியாமலிருக்க அக்கா "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்று சொல்வாராம். பேச்சே குறைந்துபோன அம்மா "நான் தாழ்ச்சியடையேன்" என்று முடிப்பாராம். பத்து மணிக்கு ஒருமுறை, பன்னிரண்டுக்கு, இரண்டுக்கு, நாலுக்கு. ஐந்து மணிக்கு அக்கா தூங்கிக்கொண்டிருந்தது உண்மைதான்.

பட்டியலைச் சத்தமில்லாமல் அழித்தால் போதாது. அத்தனை பேர் முன்னால் போட்டீர்கள். அத்தனை பேர் முன்னால் அவரிடம் மன்னிப்புக் கேளுங்கள்.