பூங்காவில் மண் எங்கே?

எங்கள் தெருமுனைப் பூங்காவை ஆறு மாதம் பூட்டி வைத்து, 'அழகுபடுத்தி'த் திறந்திருக்கிறார்கள். நேற்று காலை போனேன். கிரானைட் திண்ணை, நீரூற்று, புங்க மரத்தின் அடி வரைக்கும் பேவர் பிளாக். கால் வைக்க மண் இல்லை.

மாம்பலத்துக்காரனுக்கு இது கூடுதலாகவே உறைக்கும். தியாகராய நகரே 1920களில் ஏரியைத் தூர்த்து எழுந்த ஊர். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்னும் இருக்கிறது, ஏரியைத்தான் காணோம். அன்று மனை பிரித்தவர்கள் பனகல் பூங்காவுக்காவது இடம் விட்டார்கள்.

"இத்துனூண்டு பூங்காவால் என்ன ஆகும்?" என்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் பெய்கிறது. ஒரு கிரவுண்டு என்பது 223 சதுர மீட்டர். ஆக, ஒரு கிரவுண்டில் மட்டும் மூன்று லட்சம் லிட்டருக்கு மேல் விழுகிறது. பாதி ஆவியாகவும் வழிந்தும் போகட்டும், மீதியே 12,000 லிட்டர் லாரியில் பன்னிரண்டு லோடு தாண்டும். 2019 கோடையில் ஒரு லோடுக்கு எத்தனை நாள் காத்திருந்தோம்? கல் பாவிய பூங்காவில் அந்தத் தண்ணீர் நேரே சாக்கடைக்குப் போகும்.

வெயிலும் அப்படித்தான். பகலெல்லாம் சூட்டைக் குடித்த கான்கிரீட் இரவு பத்து மணிக்கும் அதைக் கக்கிக்கொண்டிருக்கும். மரம் நிழல் தருவதோடு, இலை வழியாக நீரை ஆவியாக்கி அக்கம்பக்கத்தையும் குளிர்விக்கிறது. ஆனால் சின்னப் பூங்காவின் குளுமை இரண்டு தெரு தாண்டாது. அதனால்தான் கிண்டியில் காடு இருக்கிறதே என்று சமாதானம் சொல்ல முடியாது, அந்தந்தத் தெருவுக்கு அந்தந்த மரம் வேண்டும்.

2016 டிசம்பர் 12, வர்தா புயலன்று எங்கள் தெருவில் ஒரு குல்மொஹர் சாய்ந்தது. வேர் பரவ இடமில்லாமல் சிமெண்ட் வளையத்துக்குள்ளேயே சுருண்டிருந்தது. இப்போது புங்க மரத்துக்கும் அதே வளையம்.

ஏன் இப்படி என்று வேலை பார்த்தவரிடம் கேட்டேன். "மண்ணு இருந்தா சேறாகும் சார், வாக்கிங் வர்றவங்க திட்டுறாங்க." சரி, வாக்கிங் போகிறவர்களில் நானும் ஒருவன்தான். மரத்தைச் சுற்றி மூன்றடிக்காவது கல்லைப் பெயர்க்கச் சொல்லி மனு எழுதியிருக்கிறேன். ஷூவில் சேறு ஒட்டினால் கழுவிக்கொள்கிறேன்.