கிரெடிட் கணக்கு சரி, ஆய்வுக் கேள்வி என்ன ஆச்சு?

முனைவர் பட்ட மாணவரின் பாடத்திட்டம் ஒப்புதலுக்கு வந்தால் குழுவில் பலர் முதலில் பார்ப்பது மொத்தக் கிரெடிட்டைத்தான். கூட்டல் சரியாக இருந்தால் கையெழுத்து விழுந்துவிடும். இது மாணவருக்குச் செய்கிற அநியாயம்.

பட்டியலைத் தொடும் முன் ஆய்வுக் கேள்வியைப் படியுங்கள். அதற்கு என்ன தரவு வேண்டும், அதை எப்படி அலசுவார், அந்த அலசலை எந்தப் பாடத்தில் கற்கிறார்? இந்தச் சங்கிலி அறுகிற இடத்தில்தான் பின்னால் ஆய்வேடு முடங்கும்.

ஓர் உதாரணம். 40 பள்ளிகள், பள்ளிக்கு 30 பேர், மொத்தம் 1,200 மாணவர்கள். பாதிப் பள்ளிகளில் புதிய கற்பித்தல் முறை, மீதியில் பழையது. பட்டியலிலோ கோட்பாட்டுப் பாடங்கள் நான்கு, புள்ளியியல் ஒன்றே ஒன்று, அதுவும் அறிமுகம். ஒரே பள்ளிப் பிள்ளைகளின் மதிப்பெண்கள் ஓரளவு ஒத்துத்தான் இருக்கும். அந்த ஒத்திருப்பின் அளவு (புள்ளியியலில் ஒட்டுறவு) 0.2 என்றால், ஒரு பிள்ளையோடு அதே பள்ளியின் மற்ற 29 பேரைச் சேர்த்து, 1 + 29 × 0.2 = 6.8. 1,200ஐ அதால் வகுத்தால் சுமார் 176. அதாவது கையில் இருப்பது 176 பேர் அளவுத் தகவல்தான். இது தெரியாமல், ஒவ்வொரு மாணவரையும் தனித்தனியாகக் கருதும் சாதாரண ரிக்ரெஷன் (ஒன்று மாறினால் மற்றது எவ்வளவு மாறும் என்று அளக்கும் கணக்கு) போட்டால் இல்லாத வித்தியாசம் இருப்பதாகத் தெரியலாம். பள்ளி, மாணவர் என்று இரண்டு அடுக்கையும் சேர்த்து அலசும் மல்டிலெவல் மாடலிங் வேண்டும், அதற்கு முன் ரிக்ரெஷன் முழுப் பாடமாக வேண்டும். ஆக இரண்டு பருவம். அறிமுகப் பாடத்தோடு இந்தத் திட்டத்தை ஒப்புக்கொள்ளவே கூடாது.

அடுத்து வரிசை. ஆய்வு முன்மொழிவு நான்காம் பருவத்தில் என்றால் முறையியல் பாடம் மூன்றாம் பருவத்துக்குள் முடிய வேண்டும். அந்தப் பாடம் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் நடக்கிறதா என்று துறையில் கேளுங்கள். ஒன்று தவறினால் அதைச் சார்ந்த எல்லாம் தள்ளிப்போகும். நெறிமுறைக் குழு அனுமதி வராமல் தரவு சேகரிக்க முடியாது, அதற்கும் சில மாதம் ஒதுக்கியிருக்கிறாரா? நேர்காணல் ஆய்வென்றால் ஒரு மணி நேரப் பதிவை எழுத்தாக்கவே நான்கிலிருந்து ஆறு மணி நேரம் போகும். 25 நேர்காணலுக்கு 100 முதல் 150 மணி நேரம். அதே பருவத்தில் மூன்று பாடம் போட்டிருந்தால் ஒன்றும் உருப்படாது.

வகுப்பில்லாமல் ஆசிரியர் மேற்பார்வையில் மாணவர் தானே படிக்கும் தனிவாசிப்புப் பாடம் இருந்தால் நூல் பட்டியலும் எழுதித் தரவேண்டியது என்ன என்பதும் தாளில் இருக்கட்டும். இல்லாவிட்டால் அது கிரெடிட்டை நிரப்பும் வேலை. முதுகலையில் படித்ததே வேறு பெயரில் வந்தால் நீக்கச் சொல்லுங்கள்.

திருப்பி அனுப்பும்போது 'மறுபரிசீலனை செய்யவும்' என்று மட்டும் எழுதாதீர்கள். எதை எடுக்க, எதைச் சேர்க்க, எந்தப் பருவத்தில் என்று பாடத்தின் பெயரோடு எழுதுங்கள்.