நட்பு என்ன முன்பணமா?

மூன்று நாளாக அந்த வீடியோவைத்தான் எல்லோரும் பகிர்கிறீர்கள். வரவேற்பு மேடை, கையில் மைக், எட்டு வருஷத் தோழியிடம் மண்டியிட்டுக் காதலைச் சொல்லும் பையன், கீழே விசில். சரி, அந்தப் பெண்ணின் முகத்தை யாராவது பார்த்தீர்களா? துப்பட்டா நுனியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இறங்கிப் போக எது வழி என்று தேடிக்கொண்டிருந்தாளே, அதைப் பார்த்தீர்களா? அவள் பேசாமல் இறங்கிப் போனதும் வந்து விழுந்த கமெண்ட்டுகளைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. “எட்டு வருஷம் கூடவே இருந்தவனுக்கு இதுதான் கூலியா?” என்று ஒருவர் கேட்கிறார். என் நட்புப் பட்டியலில் உள்ளவர்களே அதற்கு ஹார்ட் போட்டிருக்கிறீர்கள்.

நட்பு காதலுக்குக் கட்டிவைக்கும் முன்பணமா? எட்டு வருஷம் கட்டிவிட்டேன், இப்போது சாவியைக் கொடு என்று கேட்பதற்கு? ஒருவருக்குக் காதலும் இன்னொருவருக்கு வெறும் பிரியமும் இருக்கும்போது, நெருங்கிய நண்பர்கள் என்பதாலேயே அது சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். ஆகாது. நான் அப்படி ஒருமுறை சரி சொன்னவள்.

அவனும் நானும் ப்ளஸ் ஒன்னிலிருந்து நண்பர்கள். 2008இல் திருச்சியில் அம்மாவுக்கு ஆபரேஷன். மூன்று ராத்திரி ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்துக் கிடந்தான். ரத்தம் கொடுத்தான். சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் போய் இட்லி வாங்கிவந்து, சாப்பிட மறுத்த அப்பாவை அதட்டிச் சாப்பிட வைத்தான். அடுத்த வருஷம் அவன் கேட்டபோது, எனக்கு அவன்மேல் அப்படி எதுவும் இல்லை என்று தெளிவாகத் தெரியும். ஆனால் தோழிகள் ஒவ்வொருத்தியாக வந்து அந்த வராந்தாவை ஞாபகப்படுத்தினார்கள். சரி என்றேன்.

பதினான்கு மாதம். அவன் ஒருநாளும் கெட்டவனாக நடந்துகொள்ளவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் தினமும் ராத்திரி போனில் “இன்னைக்கு என்னை நினைச்சியா?” என்று கேட்பான். முதலில் உண்மையைச் சொன்னேன், வேலையில் மறந்துட்டேன் என்று. இரண்டு நாள் பேசமாட்டான். அப்புறம், நினைச்சேன் என்று சொல்லப் பழகிக்கொண்டேன். அவன் நம்பவில்லை. அதுவரை அவனிடம் நான் எதையும் மறைத்ததே கிடையாது. காதலியான பிறகுதான் அவனிடம் பொய் சொல்லக் கற்றுக்கொண்டேன்.

“பெரியவர்கள் பார்த்துக் கட்டிவைத்த கல்யாணத்தில் பிறகு காதல் வரவில்லையா?” என்று கேட்பீர்கள். வருகிறது, என் வீட்டிலேயே வந்திருக்கிறது. அங்கே இரண்டு பேரும் ஒரே இடத்திலிருந்து நடக்கத் தொடங்குகிறார்கள். இங்கே ஒருவர் பத்து மைல் முன்னால் போய் நின்றுகொண்டு, இன்னும் ஏன் வரவில்லை என்று திரும்பித் திரும்பிப் பார்க்கிறார். அந்தப் பார்வையோடு எத்தனை நாள் நடக்க முடியும்?

ஒரு தம்பி ஆய்வையே எடுத்துப் போட்டிருக்கிறார். கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்து டேனு ஸ்டின்சன் குழு 2021இல் வெளியிட்டது. ஏறத்தாழ 1,900 பேரில் மூன்றில் இரண்டு பங்கினரின் உறவு நட்பில்தான் தொடங்கியது என்கிறது. உண்மைதான், நானும் படித்தேன். ஆனால் தம்பி, அது காதலாகிவிட்ட உறவுகள் எப்படித் தொடங்கின என்ற கணக்கு. கேட்டு, மறுக்கப்பட்டு, நண்பரையும் இழந்தவர்கள் அந்தக் கணக்கில் எங்கே இருக்கிறார்கள்? நட்பிலிருந்து காதல் வராது என்று நான் சொல்லவே இல்லை. இரண்டு பக்கமும் வரவேண்டும் என்கிறேன்.

நம் ஆட்களுக்கு இது தெரியாததும் இல்லை. தொல்காப்பியம் ஒருதலைக் காமத்தைக் கைக்கிளை என்றும் பொருந்தாததைப் பெருந்திணை என்றும் ஒதுக்கி, நடுவில்தான் இருவர் மனமும் ஒத்த காதலான அன்பின் ஐந்திணையை வைத்தது. 1196ஆம் குறளில் வள்ளுவர் காவடியை உவமை சொல்கிறார். இரண்டு பக்கமும் இருந்தால்தான் இனிது, ஒரு பக்கம் மட்டும் இருந்தால் துன்பம். காவடி தூக்கியவர்களைக் கேளுங்கள், ஒரு பக்கம் சாய்ந்தால் தோள் என்ன ஆகும் என்று.

“அப்படியானால் அவன் வலி வலியில்லையா?” வலிதான். நான் மறுக்கவில்லை. ஆனால் அவனுக்கு ஆறுதல் சொல்ல ஆயிரம் பேர் வந்துவிட்டீர்கள். அந்தப் பெண் ஒரே ராத்திரியில் எட்டு வருட நண்பனைத் தொலைத்திருக்கிறாள், அவளிடம் ஒருவர்கூட அதைக் கேட்கவில்லை. திமிர் பிடித்தவள் என்கிறீர்கள். என்னையும் அப்படித்தான் சொன்னார்கள், பிரிந்தபோது. நன்றி இல்லாதவள் என்று என் அத்தையே சொன்னார். நண்பன் போய்விட்டானே, உனக்கு எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

2016இல் அப்பா இறந்தார். விடியற்காலை இரண்டு மணி. யாருக்குச் சொல்வது என்று போனை எடுத்தபோது விரல் தானாக அவன் நம்பருக்குத்தான் போனது. மனப்பாடமாக இருந்தது. ஒன்பது எண்வரை அழுத்திவிட்டு நிறுத்திவிட்டேன். அவனுக்குக் கல்யாணமாகியிருந்தது. நான் கூப்பிடுவதை வேறு எதுவாகவாவது எடுத்துக்கொள்வானோ என்று பயம். அப்பாவை அதட்டி இட்லி சாப்பிட வைத்தவன். அவர் போய்விட்டார் என்று அவனுக்கு யார் சொன்னார்கள், எப்போது சொன்னார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.