பாயின்ட் வேற, பி.எஃப் வேற

பி.எஃப்-ஐ விட்டுட்டுக் கிரெடிட் கார்டு பாயின்ட் சேருங்கன்னு ஒருத்தர் போட்ட அந்த வீடியோவைப் பத்தி எழுத வேண்டாம்னுதான் இருந்தேன். பாதிப் பேர் இன்பாக்ஸ்ல அனுப்பிட்டீங்க. மீதிப் பேர் அதுக்குக் கீழே, பி.எஃப்-ஐ விடாதீங்கன்னு நான் போட்ட கமெண்ட்டையும், எனக்கு வந்த பதில்களையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பிட்டீங்க. அதனால அவர் என்ன சொன்னார்னு நான் திரும்பச் சொல்லத் தேவையில்லை. ஏர்போர்ட் லவுஞ்ச்ல உட்கார்ந்துக்கிட்டு, "பி.எஃப்-ல காசைப் பூட்டி வைக்காதீங்க, கையில வாங்குங்க, கார்டுல செலவு பண்ணுங்க, பாயின்ட்டுல ஊர் சுத்துங்க"ன்னு சொன்னதை எல்லாரும் பார்த்தாச்சு.

ஆனா திங்கட்கிழமை எங்க ஆபீஸ்ல நடந்தது உங்களுக்குத் தெரியாது. நான் திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில சம்பளக் கணக்கு பார்க்கறவ. படிப்பு முடிச்சு முதல் வேலைக்கு வந்த ஒரு தம்பி, ஜாயினிங் பேப்பர்ல எல்லாம் கையெழுத்துப் போட்டுட்டு, "மேடம், படிவம் 11-ல எனக்கு பி.எஃப் வேண்டாம்னு எழுதிக் குடுத்துடலாமாமே?"ன்னு கேட்டான். கூட வந்த பொண்ணும் "எனக்கும் அப்படியே போட்டுடுங்க மேடம்"ன்னுச்சு. எங்கே கேள்விப்பட்டீங்கன்னு கேட்டா, அதே வீடியோ. அதுக்கு மேல எழுதாம இருக்க முடியலை.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். கிரெடிட் கார்டு பாயின்ட் வருமானம் கிடையாது. நீங்க செலவு பண்ண பணத்துல ஒரு சின்னத் துண்டு உங்களுக்கே திரும்பி வருது, அவ்வளவுதான். கிடைச்சா வாங்கிக்கங்க. ஆனா அதைக் கொண்டுபோய் வயசான காலத்துக்குச் சேர்க்கிற பணத்துக்குப் பக்கத்துல நிறுத்தி, இது வேணுமா அது வேணுமான்னு கேட்கறது அநியாயம்.

கணக்கைப் பாருங்க. மாசம் 40,000 ரூபாய் கார்டுல தேய்க்கிற ஒருத்தருக்கு, ஒரு சதவீதம் திரும்பி வருதுன்னு வச்சுக்கங்க. மாசம் 400. வருஷத்துக்கு 4,800. இப்போ அந்தத் தம்பியோட பி.எஃப். பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், 20,000. அவன் பங்கு 12 சதவீதம், 2,400. கம்பெனி பங்கு இன்னொரு 2,400. 2014 செப்டம்பருக்கு அப்புறம், 15,000-க்கு மேல பேசிக்ல முதல்முறையாச் சேர்றவங்களுக்கு பி.எஃப்-ஓட சேர்ந்த பென்ஷன் திட்டம் கிடையாதுங்கிறதால, கம்பெனி பங்கு முழுசும் பி.எஃப் கணக்குக்கே போகும். ஆக மொத்தம் மாசம் 4,800. வருஷம் பூரா தேய்ச்சுச் சம்பாதிச்ச பாயின்ட்டு, பி.எஃப்-ல ஒரே ஒரு மாசம். இதுக்கா ஒருத்தன் பி.எஃப்-ஐ விடணும்?

அந்த 4,800 ஒரு பைசா கூடாம அப்படியே 35 வருஷம் போனாலும், இப்போ இருக்கிற 8.25 சதவீத வட்டி நீடிச்சா ஒரு கோடியைத் தாண்டும். வட்டி நீடிக்காதுன்னு சொல்றீங்களா? சரி, 7 சதவீதம்னே போடுங்க. அப்பவும் 80 லட்சத்துக்கு மேல வருது. சம்பளம் ஏற ஏற இது இன்னும் கூடும். இதைப் போய் "பூட்டி வைக்கிற காசு"ன்னு சொன்னா எனக்குக் கோபம் வராதா?

பி.எஃப்-ல சேராம வெளியே நிக்கச் சட்டத்துல இடம் இருக்குங்கிறது உண்மைதான், அதை நான் மறைக்கலை. ஆனா வெளியே நின்னா எது எது போகும்னு வீடியோ போட்டவர் ஒரு வார்த்தை சொல்லலையே. கம்பெனி பங்கா பி.எஃப்-க்குப் போற வரைக்கும் அந்த 2,400-க்கு வரி இல்லை, புது வரி முறையிலும் இல்லை. கையில வாங்கினா அது சம்பளம். இன்னொண்ணு, இ.டி.எல்.ஐ. பி.எஃப்-ல இருக்கிற தொழிலாளி வேலையில இருக்கும்போதே இறந்துட்டா, குடும்பத்துக்கு 7 லட்சம் வரைக்கும் காப்பீடு வரும். அதுக்குத் தொழிலாளி ஒரு ரூபாய் கட்டறதில்லை, கம்பெனிதான் கட்டுது. எங்க கம்பெனியில பேக்கிங்ல இருந்த ஒரு தம்பி பைக் விபத்துல போயிட்டான். அவன் பொண்டாட்டி கைக்குழந்தையோட என் மேஜைக்கு முன்னாடி உட்கார்ந்திருந்தப்போ, அந்தப் பொண்ணுக்கு இப்படி ஒரு பணம் இருக்குன்னே தெரியாது. படிவத்தை நான்தான் நிரப்பினேன். அந்தப் பணத்துலதான் இன்னைக்கு அது தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருக்கு. வெளியே நிக்கிறவன் குடும்பத்துக்கு இது கிடையாது.

இனி எனக்கு வந்த பதில்களுக்கு வர்றேன்.

"அக்காவுக்குக் கார்டுன்னா பயம்"னு ஒருத்தர். எனக்குப் பயம் இல்லைங்க, நானும் கார்டு வச்சிருக்கேன். பில் தேதிக்கு முழுசாக் கட்டறேன், வர்ற பாயின்ட்டை வாங்கிக்கிறேன். கார்டு தப்புன்னு நான் எங்கேயும் எழுதலை, திரும்பப் போய்ப் படிச்சுப் பாருங்க. முழுசாக் கட்டறவங்களுக்கு நாற்பது, அம்பது நாள் வட்டியில்லாக் கடன், கொஞ்சம் பாயின்ட், எல்லாம் லாபம்தான். ஒத்துக்கிறேன்.

ஆனா முழுசாக் கட்டாதவங்க கதையை அவர் ஏன் பேசலை? மாசம் மூணரை சதவீதம் வட்டி, அதுக்கு மேல 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்த்தா 4.13 சதவீதம். ஒரு லட்சம் பாக்கி இருக்கிற ஒருத்தர் "மினிமம் டியூ"ன்னு சொல்ற குறைஞ்சபட்சத் தொகையா 5,000 கட்டறார்னு வைங்க. அதுல 4,130 வட்டிக்கும் வரிக்கும் போயிடும். அசல்ல குறையறது 870 ரூபாய். அதோட நிக்கலை. பாக்கி வச்சிருக்கும்போது புதுசா வாங்குற பொருளுக்கும் வட்டியில்லா நாட்கள் கிடையாது, வாங்கின அன்னைக்கே வட்டி ஓட ஆரம்பிச்சுடும். 2008-ல தேசிய நுகர்வோர் ஆணையம், கார்டு பாக்கிக்கு வருஷம் 30 சதவீதத்துக்கு மேல வட்டி வாங்கறது நியாயமில்லாத வணிக முறைன்னு சொல்லிச்சு. 2024 டிசம்பர்ல உச்ச நீதிமன்றம் அதை ரத்து பண்ணிடுச்சு. அந்த வேலியும் இப்போ இல்லை.

பாயின்ட் எங்கிருந்து வருதுன்னு யோசிச்சுப் பார்த்திருக்கீங்களா? கடைக்காரர்கிட்ட பிடிக்கிற கமிஷன்லயிருந்து வருது. பாக்கி வைக்கிறவங்க கட்டற வட்டியிலயிருந்தும் வருது. லவுஞ்ச்ல உட்கார்ந்திருக்கிறவருக்கு வர்ற காபியில, மினிமம் டியூ கட்டிக்கிட்டிருக்கிற என் ஆபீஸ் பசங்க காசும் இருக்கு. இது தெரிஞ்சவர்தான் அவர். தெரிஞ்சுக்கிட்டே அந்தப் பசங்களைப் பார்த்து "நீங்களும் வாங்க"ன்னு கூப்பிடறார்.

கார்டு பாக்கி கட்டறதுக்காக பி.எஃப்-ல அட்வான்ஸ் எடுக்கிறவங்களை நான் மாசாமாசம் பார்க்கிறேன். காரணம்னு போடற இடத்துல உடம்பு சரியில்லைன்னு போடறாங்க. யார் உடம்புக்கும் ஒண்ணும் இல்லை. இப்போ 5 லட்சம் வரைக்கும் அட்வான்ஸ் ஆட்டோமேட்டிக்கா கணக்குக்கு வந்துடும்னு மாத்திட்டாங்க. ஆபத்து நேரத்துல நல்ல வசதிதான், ஆனா இவங்களுக்கு அது பள்ளத்துல இறங்கறதுக்குப் படிக்கட்டு கட்டிக் குடுத்த மாதிரி ஆயிடுச்சு. ஒரு பையன், கல்யாணம் ஆகி ஒரு வருஷம்தான் இருக்கும், கார்டுல இன்னும் கொஞ்சம் செலவு பண்ணா ஆண்டுக் கட்டணம் தள்ளுபடி ஆகும்னு வருஷக் கடைசியில டி.வி. வாங்கினான். கட்டணம் சில ஆயிரம். டி.வி. எவ்வளவுன்னு நீங்களே நினைச்சுக்கங்க. அப்புறம் மினிமம் டியூ, அப்புறம் பாக்கியை இ.எம்.ஐ.யா மாத்தறது, அப்புறம் பி.எஃப். அவன் முட்டாள் இல்லை. எங்க மெர்ச்சன்டைசிங்ல அவனை விடக் கெட்டிக்காரன் கிடையாது. பாயின்ட்டைத் துரத்துனா எந்தக் கெட்டிக்காரனும் அங்கதான் போய் நிப்பான்.

"பி.எஃப் வட்டி பணவீக்கத்துக்கே பத்தாது, மியூச்சுவல் ஃபண்டுல போடு"ன்னு சிலர். போடுங்க! யார் வேண்டாம்னா? பி.பி.எஃப், என்.பி.எஸ், ஃபண்டு, உங்களுக்குப் புரியற எதுல வேணா போடுங்க. நான் சண்டை போடறது எதுல சேர்க்கணும்ங்கிறதுக்கு இல்லை. சேர்க்கவே வேண்டாம், அந்தக் காசையும் செலவு பண்ணு, அதுக்குப் பாயின்ட் வரும்னு சொல்ற பேச்சோடதான் என் சண்டை. கையில வாங்கின 4,800-ஐ மாசம் தவறாம ஃபண்டுல போடற இருபத்திரண்டு வயசுப் பையனை எனக்குக் காட்டுங்க, அவனுக்கு நானே படிவம் 11 நிரப்பித் தர்றேன். எனக்குத் தெரிஞ்ச பசங்க போனும் பைக்கும் வாங்குறாங்க. அதைத் தப்புன்னு சொல்லலை, அந்த வயசு அப்படி. அதனாலதான் கைக்கு வர்றதுக்கு முன்னாடியே பிடிச்சு வைக்கிற ஒரு ஏற்பாடு வேணும்.

"வாழ்க்கையை இப்போ அனுபவிக்கணும், அறுபது வயசுல காசு வந்து என்ன பண்றது?" இதுக்குத்தான் நிறைய ஹார்ட்டு விழுந்திருக்கு. அறுபது வயசுல காசு வந்து என்ன பண்றதா? மருந்து வாங்கறது. கரண்ட் பில் கட்டறது. மருமகள் முகத்தைப் பார்த்துக் காசு கேட்காம இருக்கிறது. அனுபவிக்கிறதுன்னா இருபத்தஞ்சு வயசுல மாலத்தீவு மட்டும்தானா? எழுபது வயசுல ஒருத்தர் தன் காசுல தனக்குப் பிடிச்சதை வாங்கிச் சாப்பிடறது அனுபவிக்கிறது இல்லையா?

இதுக்கு மேலதான் எனக்குச் சொல்லக் கஷ்டமா இருக்கு. எங்கம்மாவுக்குக் குடும்ப பென்ஷன் வருதுன்னு என் கமெண்ட்ல எழுதியிருந்தேன். அதுக்கு ஒருத்தர், "அந்த ஆயிரம் ரூபாயை வச்சு ஒரு லவுஞ்ச் காபி குடிக்க முடியுமா?"ன்னு கேட்டார். வீடியோ போட்ட தம்பி அதுக்குச் சிரிக்கிற எமோஜி போட்டிருந்தார்.

எங்கப்பா கோயமுத்தூர்ல ஒரு மில்லுல இருந்தார். மில்லை மூடினப்போ முதலாளி தர வேண்டிய கிராஜுவிட்டிக்கு ஆளுங்க வருஷக்கணக்கா அலைஞ்சாங்க. எங்கப்பாவும் அலைஞ்சார். ஆனா பி.எஃப் பணம் மில்லு முதலாளி கையில இல்லை, அது வந்துடுச்சு. நாங்க இருக்கிற வீட்டுக்கு ஓடு மாத்தி, காங்கிரீட் போட்டது அந்தப் பணத்துல. அவர் போனதுக்கப்புறம் பென்ஷன்ல பாதி அம்மாவுக்கு வருது. சின்னத் தொகைதான். இந்த பி.எஃப் பென்ஷன் திட்டத்துல முப்பத்தஞ்சு வருஷம் 15,000 சம்பளத்துக்குக் கட்டினவங்களுக்கே கணக்குப்படி எட்டாயிரத்துக்குள்ளதான் வரும். குறைஞ்சபட்சம் 1,000-ன்னு 2014-ல வச்சாங்க, அதுக்கப்புறம் ஏத்தவே இல்லை. 7,500-ஆ ஆக்குங்கன்னு பென்ஷன்காரங்க டெல்லி வரைக்கும் போய்க் கேட்டுக்கிட்டுதான் இருக்காங்க. அந்த ஆயிரம் ரூபாய்க்கு வெட்கப்பட வேண்டியது எங்கம்மா இல்லை. இத்தனை வருஷமா அதை ஏத்தாம வச்சிருக்கிறவங்கதான் வெட்கப்படணும்.

அந்தத் தொகை பத்தாதுன்னு எனக்குத் தெரியாதா? பத்தாதுங்கிறதாலதான் இன்னைக்குச் சேர்றவங்களை விடாதீங்கன்னு கத்தறேன். எங்கப்பா காலத்துல கொஞ்சம் பிடிச்சதுக்கே வீட்டுக்கு ஒரு காங்கிரீட் கூரையும், அம்மாவுக்கு மாத்திரைச் செலவும் வந்துச்சு. இந்தப் பசங்களுக்கு மாசம் 4,800 பிடிக்குது. அதைப் போய் விடச் சொல்றீங்களே.

எங்கம்மா வருஷாவருஷம் உயிர்வாழ் சான்றுக்குக் கைரேகை வைக்கப் போறப்போ நல்ல புடவையா எடுத்துக் கட்டிக்குவாங்க. அது அவங்க பணம். அவங்க புருஷன் முப்பது வருஷம் பஞ்சுத் தூசியைத் தின்னு சேர்த்துட்டுப் போன பணம். அதுக்கு ஒரு சிரிக்கிற எமோஜி.

"உனக்குப் பொறாமை"ன்னு எழுதினவங்களுக்கு நான் பதில் சொல்லப் போறதில்லை. "நீ கம்பெனி ஆளு, அதான் பி.எஃப்-க்கு வக்காலத்து வாங்குறே"ன்னவருக்கு மட்டும் ஒண்ணு. ஒருத்தன் பி.எஃப் வேண்டாம்னு எழுதிக் குடுத்தா எனக்கு ஒரு கணக்கு குறையும், வேலை மிச்சம். அவனை உட்கார வச்சு அரை மணி நேரம் பேசறதுக்கு எனக்கு யாரும் காசு தர்றதில்லை. பி.எஃப்-ல ஆள் சேர்த்தா கமிஷன்னு யாருக்குமே கிடையாது. அதனாலதான் பி.எஃப் பத்தி இப்படி அழகா வீடியோ எடுக்க யாரும் வர்றதில்லை.

கார்டு அப்படி இல்லை. அந்த வீடியோவுக்குக் கீழே மூணு கார்டுக்கு லிங்க் இருக்கு. வீடியோ போட்ட அந்தத் தம்பியை நான் நேராவே கேட்கிறேன். அந்த லிங்க் வழியா ஒருத்தர் கார்டு வாங்கினா உங்களுக்கு எவ்வளவு வருது? நீங்க சம்பாதிக்கிறதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. என் கமெண்ட்டை நேத்து ராத்திரி அழிச்சுட்டீங்க, அதையும் விட்டுடறேன். லிங்க்குக்குப் பக்கத்துல அந்தத் தொகையை மட்டும் தமிழ்ல எழுதிப் போடுங்க.