கழிவறை வரிசைக்குப் பயந்து தண்ணீரைக் குறைப்பது ஸப்ர் (பொறுமை) இல்லை

ஹஜ் பயிற்சி வகுப்பில் நடந்தது, வகுப்பு நடத்தும் உங்களுக்கெல்லாம் தெரியும். "மினாவுல கக்கூஸ் வரிசை ரொம்ப நீளமாமே, முட்டிவலிக்காரி நான் என்ன செய்யட்டும்?" என்று, ஹாஜிகள் கூடாரங்களில் தங்கும் அந்த இடத்தைப் பற்றி ஒரு அம்மா கேட்டார். "ஹஜ்ஜுக்குப் போறீங்க, சுற்றுலாவுக்கு இல்ல. ஸப்ர் செய்யுங்க" என்று மேடையிலிருந்து பதில் வந்தது. கூட்டமே சிரித்தது. அந்தச் சிரிப்புதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வரிசைக்குப் பயந்து நம் பெண்கள் தண்ணீரைக் குறைக்கிறார்கள். முதலில் நீர்க்கடுப்பு, பிறகு தலைசுற்றல், ஹஜ்ஜின் முக்கிய நாளைக் கழிக்கும் அரஃபா மைதானத்தின் வெயிலில் மயக்கம். இது ஸப்ர் இல்லை. 2024 ஹஜ்ஜில் மக்காவில் வெயில் 51.8 டிகிரியைத் தொட்டது. 1,301 பேர் மௌத்தானதாக (இறந்ததாக) சவூதி அரசே அறிவித்தது. பெரும்பாலோர் அனுமதியில்லாமல் வந்து வெயிலில் நடந்தவர்கள் என்பீர்கள். உண்மைதான். கூடாரத்தில் இருந்தாலும் தண்ணீர் குடிக்காத உடம்பு காயத்தானே செய்யும்?

அந்த அம்மாவுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில் இது. பாங்குக்கு (தொழுகை அழைப்புக்கு) முந்தைய அரைமணி நேரம்தான் நெரிசல். இஷா என்னும் இரவுத் தொழுகை முடிந்து நள்ளிரவை ஒட்டிப் போனால் வரிசை குறைவு. அங்கே பெரும்பாலும் குந்தி உட்காரும் கழிவறைதான், குளிக்கும் ஷவரும் அதற்கு மேலேயே. தரை எப்போதும் ஈரம். கொக்கியை நம்பாமல் கழுத்தில் மாட்டும் பை எடுத்துப் போகணும். முட்டிவலிக்கு மடக்கு கமோடு சேர்; அறை குறுகல், விரித்த அகலத்தை அளந்து வாங்கணும். அரஃபாவில் பஸ் ஏறும் முன்பே போய்விட்டு வரணும். பஸ் மணிக்கணக்கில் ஊர்ந்தாலும் ஊரும், அடுத்து இரவு தங்கும் முஸ்தலிஃபா திறந்தவெளி, அங்கே வரிசை இன்னும் மோசம். ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைப் பொடி) பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவு தண்ணீரில்தான் கரைக்கணும்; பெரிய பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர். சின்ன பாட்டிலில் முழுசையும் கொட்டினால் உப்பு கூடி வயிற்றுப்போக்குதான் அதிகமாகும். சர்க்கரை, இதய நோய் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளணும்.

இவ்வளவுதான். ஐந்து நிமிடப் பேச்சு.

"ஹஜ்ஜில் தர்க்கம் கூடாதுன்னு குர்ஆனே சொல்லுதே" என்று வருவீர்கள். 2:197-வது வசனம். அதை முழுசா ஓதுங்கள். வழிக்குத் தேவையானதைச் சேகரித்துக்கொள்ளுங்கள் என்றும் அதே வசனம்தான் சொல்கிறது. அல்லாஹ்மேல் தவக்குல் (முழு நம்பிக்கை) என்று சொல்லிக்கொண்டு கட்டுச்சாதம் இல்லாமல் யமனிலிருந்து வந்து, மக்காவில் மக்களிடம் கையேந்தியவர்களைப் பற்றி அந்த வசனம் இறங்கியது என்று நபிமொழித் தொகுப்பான புகாரியில் இருக்கிறது. "அந்தக் காலத்துல கப்பல்ல போனாங்களே" என்பவர்களுக்கு: அவர்கள் அரிசி பருப்போடு கஃபன் துணியும் (இறந்தால் போர்த்தும் துணி) கட்டிக்கொண்டுதான் கப்பல் ஏறினார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தைக்காத ஹஜ் உடையான இஹ்ராமில் ஆண்களுக்குத் தொடை உரசிப் புண்ணாகும், வாசனையில்லாத வாஸ்லின் தடவலாம் என்று அதே மேடையில் பொறுமையாக விளக்கினார்கள். விளக்க வேண்டியதுதான். அப்போது யாரும் சிரிக்கவில்லை. யாரும் ஸப்ர் என்று வாயை அடைக்கவில்லை. அல்லாஹ்வின் விருந்தாளி என்றால் ஆணுக்கு மட்டுமா?

அந்த அம்மா அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. அடுத்த வகுப்பில் ஒரு கமோடு சேரை மேடையில் விரித்துப் போட்டு, அவர் முன்னால் விளக்குங்கள்.